காய்ந்து கிடந்தாலும் அது ஆறுதான்

வறண்ட ஆறுகளையும் திடீர் வெள்ளத்தையும் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். பதில் சொல்பவர், நதிப் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை.

கேள்வி: மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கிற மணலாறு, ஒரே மழையில் எப்படி இரு கரையும் தொட்டு ஓடுகிறது? காய்ந்த மண் முதலில் தண்ணீரைக் குடித்துவிடாதா?

குடிக்கும். ஆனால் வெள்ளம் பிறப்பது ஆற்று மணலில் இல்லை, மேலே உள்ள சரிவுகளில். செடிகொடி கருகிப்போன சரிவில் மழைத்துளி நேராக மண்ணை அறைகிறது. அந்த அடியில் மண்கட்டி பொடிந்து, பொடி மண் துவாரங்களில் போய் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் தரை பூசி மெழுகியதுபோல ஆகிவிடும். அப்புறம் பெய்கிற மழைக்கு உள்ளே இறங்க வழியில்லை. வழிந்து ஓடைக்குப் போகிறது. எல்லா ஓடைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆற்றில் கொட்டுகின்றன. அதே மழை இரண்டு நாள் தூறலாகப் பெய்திருந்தால் ஆறு நனைந்ததோடு நின்றிருக்கும்.

ஆற்று மணலும் சும்மா இருப்பதில்லை. நமீபியாவின் குயிசெப் ஆறு உள்நாட்டு மேட்டுநிலத்தில் பெய்யும் மழையில் பெருகி, நமீப் பாலைவனத்துக்குள் இறங்குகிறது. வழியெல்லாம் மணல் உறிஞ்ச உறிஞ்ச, கீழே போகப் போக வெள்ளம் மெலிந்துகொண்டே வரும். அது கடலைத் தொடுவது எப்போதாவதுதான். போன தண்ணீர் வீணாகவில்லை. கடலோரத்தில் இருக்கும் வால்விஸ் பே நகரத்துக்கு அந்த மணலுக்கு அடியிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள்.

ஆனால் மணல் உறிஞ்சுவதற்கும் ஒரு எல்லை உண்டு. வெள்ளம் கொண்டுவரும் வண்டலே மணலின் வாயை அடைத்துவிடும். வெள்ளம் வடிந்து சில நாள் கழித்துப் படுகையில் நடந்தால், ஓரம் மேல்நோக்கிச் சுருண்ட மண் ஓடுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் விரலில் நறநறக்கும், மேல்பக்கம் மாவாக வழுக்கும். பெரிய துகள் முதலில் படிந்து, மிக நுண்ணியது கடைசியில் படிந்ததன் பதிவு அது. மேலே உள்ள நுண்மண் காயும்போது அதிகமாகச் சுருங்குவதால்தான் ஓடு சுருள்கிறது. என் மாணவர்களுக்கு ஆற்றைப் பற்றிய முதல் பாடத்தை நான் இந்த ஓட்டைக் கையில் கொடுத்துத்தான் ஆரம்பிப்பேன்.

கேள்வி: இப்படி ஓடியும் நின்றும் போகிற ஆறுகள் உலகத்தில் அபூர்வமா?

இல்லவே இல்லை. 2021ல் நேச்சர் ஆய்விதழில் வந்த கணக்கீட்டின்படி, உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை, வருடத்தில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுவிடுகிறது. வற்றாத ஜீவநதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சட்டமும் வரைபடமும் போடுவது எத்தனை பெரிய பிழை என்று இதிலிருந்தே தெரியும்.

கேள்வி: மழையே பெய்யாத இடத்தில் வெள்ளம் வந்தது என்கிறார்களே, நம்பலாமா?

நம்பத்தான் வேண்டும். இதை நம்பாததால் போன உயிர்கள் ஏராளம்.

ஸ்பெயினில் வலென்சியா நகரத்துக்குத் தெற்கே போயோ என்று ஒரு காட்டாறு. வருடத்தின் பெரும்பகுதி காய்ந்த பள்ளம்தான். 2024 அக்டோபர் 29 அன்று மேல்பகுதியில் இருக்கும் சிவா ஊரில் எட்டு மணி நேரத்தில் சுமார் 490 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கீழே பைபோர்தாவில் அன்று குறிப்பிடும்படியான மழை இல்லை. சாயங்கால வேலைகளில் இருந்த மக்கள்மேல் பள்ளத்தை நிறைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தபோது இரவு 8 மணி தாண்டிவிட்டது. அதற்குள் தெருக்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. அந்த மாகாணத்தில் மட்டும் அன்றைய வெள்ளங்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்காதீர்கள். ஆற்றின் தலைப்பகுதியில் என்ன பெய்கிறது என்று கேளுங்கள்.

காய்ந்த படுகையில் வெள்ளத்தின் முன்முனை எப்படி வரும் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில் வருவது தெளிந்த தண்ணீர் அல்ல. சருகு, சுள்ளி, அழுக்கு நுரை எல்லாம் சேர்ந்த ஒரு விளிம்பு, சில நேரம் நடை வேகத்தில்தான், மணலை நனைத்தபடி வரும். பார்க்கச் சாதுவாக இருக்கும். அதன் பின்னாலேயே மட்டம் மளமளவென்று ஏறும். அந்த விளிம்பைப் படம் எடுக்க நிற்பவர்களைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

தரைப்பாலத்தைக் கடப்பவர்களுக்கு ஒரு கணக்கு: வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். கலங்கிய தண்ணீருக்குக் கீழே பாதையே அரித்துப் போயிருக்கலாம் என்பது இந்தக் கணக்கில் சேராதது.

கேள்வி: காய்ந்த காலத்தில் ஆறு செத்துத்தானே கிடக்கிறது? மணல் எடுத்தால் என்ன?

சாகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது. மணலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இடைவெளிதான். அங்கே வெயில் படாமல் தண்ணீர் தங்குகிறது. பாலைவன யானைகள் காய்ந்த படுகையில் குழி தோண்டிக் குடிக்கும்; அந்தக் குழியை மற்ற விலங்குகளும் தேடி வரும். கென்யாவில் காய்ந்த ஆறுகளின் குறுக்கே குட்டைச் சுவர் கட்டி, வெள்ளம் கொண்டுவரும் மணலைப் பிடித்து நிறுத்தி, அந்த மணலுக்குள் தண்ணீரைச் சேமிக்கிறார்கள். அவர்கள் மணலைச் சேர்க்கப் பாடுபடுகிறார்கள், நாம் அதை லாரியில் ஏற்றுகிறோம். மணலை வழித்தெடுத்தால் படுகை தாழும், அதோடு சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டமும் தாழும்.

கேள்வி: காய்ந்த ஆற்றின் ஓரம் மனை மலிவாக வருகிறது. நூறு வருட வெள்ளம் சமீபத்தில்தான் வந்து போனதாம். இனி பயமில்லையே?

அந்தப் பெயர் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிற வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது என்பதற்காக ஆறு இந்த வருடம் ஓய்வெடுக்காது. முப்பது வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அப்படி ஒன்று வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு.

வலென்சியா நகரம் 1957ல் தூரியா ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. அதற்குப் பிறகு நகரத்துக்குத் தெற்கே அகலமான புதுக் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பினார்கள். வருடம் முழுக்க அது பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். இத்தனை இடத்தை எதற்கு வீணாக்கினார்கள் என்று தோன்றும். 2024ல் நகர மையம் தப்பியதற்கு அந்த வெறும் இடம்தான் காரணம்.

மனையைப் பார்க்கப் போகும்போது தரையை மட்டும் பார்க்காமல் மரங்களையும் பாருங்கள். கிளைக் கவட்டையில் காய்ந்த புல்லும் சுள்ளியும் ஒரே உயரத்தில் சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அடுத்து, இடுப்பளவு ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். உருண்டு வழவழப்பான கூழாங்கல்லும் அடுக்கடுக்கான மணலும் வந்தால் அந்த இடத்தில் ஆறு ஒரு காலத்தில் ஓடியிருக்கிறது. இரண்டும் இருந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.