டிவியில் காட்டுகிற மாதிரிதான் வேட்டையும் வேட்டைத் தடுப்பும் நடக்கிறதா?

பாதிதான் உண்மைங்க. நான் சத்தியமங்கலம் பக்கம்.

டிவியில் வேட்டை என்றால் துப்பாக்கி, இரவு, ஜீப் துரத்தல். எங்கள் பக்கத்துக் காட்டோரத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், அவுட்டுக்காயும், வேலியில் திருட்டுத்தனமாகக் கொடுக்கும் மின்சாரமும்தான் அதிகம் பயமுறுத்துகின்றன. அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடி. பன்றிக்கு வைத்ததை யானை கடித்தால் வாய் கிழிந்து, தின்ன முடியாமல் பல நாள் துடித்துச் சாகும். இதைப் படமெடுக்கத் துரத்தல் காட்சி எதுவும் கிடைக்காது. அதனாலேயே விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன்.

தந்த வேட்டையைச் சொல்லும்போதும் ஆப்பிரிக்கக் காட்சிகளே அதிகம். அங்கே ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. நம் யானைகளில் ஆணுக்கு மட்டும்தான், அதிலும் மக்னா எனப்படும் தந்தமில்லாத ஆண் யானைக்குக் கிடையாது. வீரப்பன் காலத்தில் தந்தமுள்ள ஆண்களான கொம்பன்களையே குறிவைத்துக் கொன்றதால் கூட்டங்களில் ஆண் யானை குறைந்துபோனது. வெறும் எண்ணிக்கையைச் சொன்னால் இந்தச் சேதம் புரியாது.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. 2013இல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டில் ஊராளி, சோளகர், இருளர் ஊர்கள் இருக்கின்றன. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள்தான். காடு முழுக்க நடந்து, கண்ணி தேடி அறுப்பவர்கள் அவர்கள். கேமரா அவர்களைத் தாண்டிப் புலியிடம் போய்விடுகிறது.