டெசாருவுல வீடு சரி, போட்டை எங்க வைக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வீட்டுக்காரங்க கோத்தா திங்கிக்காரங்க, மலேசியக் குடியுரிமை. டெசாரு பக்கம் அவங்க பேர்ல சின்னதா ஒரு வீடு வாங்கியிருக்கோம், மாசம் ரெண்டு வீக்கெண்ட் போவோம். இப்ப 17 அடி ஃபைபர் போட் ஒண்ணு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோட, செகண்ட் ஹேண்ட்ல வருது. கடல் பக்கத்துலயே இருக்கு, அங்கயே நங்கூரம் போட்டு விட்டுடலாமா, இல்ல மணல்ல இழுத்து வச்சா போதுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, ரெண்டும் வேணாம். டெசாரு கடற்கரை பாக்க அழகுதான், ஆனா போட்டு ஒதுங்க இடமே இல்லாத கரை அது, எதிர்ல நேரா தென் சீனக் கடல். ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஏதோ குளம் மாதிரி கிடக்கும், அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் போட் வாங்குறாங்க. நவம்பர் வந்து வடகிழக்குப் பருவக்காத்து அடிக்க ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும் அலை கரையில மோதிக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கத்துத் தீவுகள்ல பல ரிசார்ட்டுகளே அந்த மாசங்கள்ல இழுத்து மூடிடுவாங்க. நீங்க ஈசூன்ல தூங்கிக்கிட்டிருக்கும்போது நங்கூரம் பிடி விட்டா யாரு ஓடிப் போய்ப் பாக்குறது?

ஆத்துக்குள்ள கட்டி வைக்கலாம், செடிலி மீனவங்க அப்படித்தான் வைக்கிறாங்க. ஆனா அவங்க தினமும் போட்டைத் தொடுற ஆளுங்க, நீங்க மாசம் ரெண்டு வாட்டி. நம்ம பக்கத்து வெதுவெதுப்பான தண்ணியில நாலஞ்சு வாரம் சும்மா கிடந்தாலே அடியில பாசியும் பார்னக்கிளும் புடிச்சுக்கும், அப்புறம் அதே எஞ்சின், அதே பெட்ரோல், ஆனா போட் நகராது. அதனால என் ஓட்டு ட்ரெய்லருக்குத்தான். வீட்டு காம்பவுண்டுக்குள்ள ட்ரெய்லர் மேல நிக்கட்டும், போற அன்னைக்கு ஆத்தோரமா இறக்கிக்குங்க. கேட் போட்ட டவுன்ஷிப் வீடுன்னா உள்ள போட் நிறுத்த விடுவாங்களான்னு மேனேஜ்மெண்ட்ல முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. இறக்கும்போது ட்ரெய்லர் சக்கரம் உப்புத் தண்ணிக்குள்ள போகும், வந்ததும் நல்ல தண்ணியில கழுவி கிரீஸ் அடிக்கலன்னா பேரிங் போயிடும். ஆத்து முகத்துவாரத்துல மணல் திட்டு இருக்கும், இடமும் மாறிக்கிட்டே இருக்கும், தண்ணி வத்துற நேரத்துல வெளியேர்ந்து அலை வந்தா அங்கதான் போட் கவுறும். மொத கொஞ்ச நாளைக்கு உள்ளூர் மீனவர் ஒருத்தரைக் கூட ஏத்திக்கிட்டுப் போங்க, நீர் ஏறுற நேரமாப் பாத்து.

இப்ப முக்கியமான விஷயம், மழை. 17 அடி போட்டோட பரப்பு தோராயமா 10 சதுர மீட்டர்னு வச்சுக்குங்க. ஒரு நாள்ல 100 மில்லிமீட்டர் மழை பெஞ்சா உள்ள 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் தண்ணி. கிழக்குக் கரையில டிசம்பர்ல 100 மில்லிமீட்டர்ங்கிறது பெரிய அதிசயம் இல்ல, 2006 டிசம்பர்லயும் 2007 ஜனவரியிலயும் கோத்தா திங்கி டவுனே அடுத்தடுத்து முழுகினதை உங்க வீட்டுக்காரங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க. தண்ணியில கிடக்குற போட்டுன்னா பில்ஜ் பம்ப் இருக்கேன்னு நினைப்பீங்க. பம்ப் சின்னதா இருந்தாலும் தண்ணியை வெளியேத்திடும்தான், ஆனா அதை ஆன் பண்ற மிதவை சுவிட்சுல ஒரு காஞ்ச இலை சிக்கினா போதும், முடிஞ்சுது கதை. ட்ரெய்லர் மேல இந்தத் தலைவலியே கிடையாது, மூக்கைக் கொஞ்சம் தூக்கி வச்சு பின்னாடி தண்ணி வடியுற ஓட்டையை அடைக்கிற ட்ரெயின் ப்ளக்கைக் கழட்டி விட்டா தண்ணி தானாப் போயிடும். கழட்டின ப்ளக்கை எஞ்சின் சாவியோட சேத்துக் கட்டிடுங்க. ப்ளக் போட மறந்து போட்டை இறக்குறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, இறக்கி பத்து நிமிஷத்துல கால் நனையும்போதுதான் ஞாபகம் வரும்.

தார்ப்பாய் போடும்போது நடுவுல ஒரு கம்பு நீளவாக்குல கொடுத்து கூரை மாதிரி கட்டுங்க. தட்டையாக் கட்டினா குழி விழுந்து தண்ணி தேங்கும், ரெண்டே வாரத்துல ஏடிஸ் கொசுப் பண்ணை. இங்க என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) வர்ற மாதிரி அங்கயும் ஆளுங்க வருவாங்க, அபராதமும் போடுவாங்க. ரொம்ப இறுக்கியும் மூடாதீங்க, காத்து போகலன்னா உள்ள பூஞ்சைதான்.

எஞ்சின் விஷயத்துல எதையும் விட்டாலும் இதை விடாதீங்க: கடல்லேர்ந்து வந்த அன்னைக்கே, குளிக்கப் போறதுக்கு முன்னாடி, தண்ணி ஹோஸ்ல காதுமூடி மாதிரி இருக்குற அந்த ஃப்ளஷிங் கப்பை மாட்டி பத்து நிமிஷம் நல்ல தண்ணியில ஓட்டுங்க. பின்னாடி சின்ன ஓட்டையிலேர்ந்து தண்ணி பீய்ச்சி அடிக்கணும், நூல் மாதிரி ஒழுகினா உள்ள உப்பு அடைச்சிருக்கு இல்லன்னா தண்ணியை உள்ள இழுக்குற சின்னச் சக்கரம், இம்பெல்லர், போயிருக்கு, அதோட கடலுக்குப் போகவே கூடாது. அப்புறம் எஞ்சினை நேரா, செங்குத்தா நிறுத்தி வைங்க, அப்பதான் உள்ள நிக்கிற தண்ணி வடியும். சாய்ச்சு வைக்கிறதெல்லாம் தண்ணியில கட்டிப் போடும்போதுதான். மான்சூன் முழுக்க ஓட்டப் போறதில்லன்னா டேங்க்ல பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீங்க, மார்ச்ல ஸ்டார்ட் ஆகாது. 100 மணி நேரம் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு வாட்டி, எது மொத வருதோ அப்ப சர்வீஸ். எந்த பிராண்ட்னு கேட்டா, அந்த ஊர் மீனவங்க எதை வச்சிருக்காங்களோ அதைத்தான் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை பார்ட்ஸ் கிடைக்கிறதும் கை தேர்ந்த மெக்கானிக் கிடைக்கிறதும் அதுக்குத்தான், வேற ஏதாவது பளபளப்பா வாங்கினா ஒரு பார்ட்டுக்கு ஒரு மாசம் காத்திருக்கணும்.

கடைசியா, அங்க ஒரு ஆள் வேணும். பக்கத்துல இருக்குற பக் சிக் (மலாய்க்காரப் பெரியவர்) யாராவது இருந்தா மாசம் இவ்வளவுன்னு பேசிக் கொடுங்க, 'பாத்துக்குங்க'ன்னு மொட்டையாச் சொல்லாம வேலையைப் பிரிச்சுச் சொல்லுங்க. பெரிய மழைக்கு மறுநாள் தார்ப்பாய் பாக்கணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓட்டி வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பணும். போட்டோ வேணாம், ஒரே போட்டோவை எத்தனை வாட்டி வேணும்னாலும் அனுப்பலாம், வீடியோவுல எஞ்சின் சத்தம் கேக்கும், தண்ணி பீய்ச்சுறதும் தெரியும். இதுக்குக் கொடுக்குற காசை மிச்சம் புடிக்கணும்னு நினைச்சீங்கன்னா போட்டே வாங்காதீங்க, அதுதான் லாபம்.

கேள்வி: எனக்கும் அதே மாதிரி ஆசை, ஆனா நான் சிங்கப்பூர் குடிமகள், கணவரும் இங்கதான். ஜேபியில இருக்குற நண்பர் 'என் பேர்ல எழுதிக்கலாம், கவலைப்படாத'ங்கிறார். எழுதலாமா?
– சுவா சூ காங் வாசகி

பதில்: அக்கா, நண்பர் நல்லவராவே இருக்கட்டும். பேப்பர்ல யார் பேரோ போட் அவங்களுது, அவ்வளவுதான். நாளைக்கு அவருக்குக் கடன் வந்தாலோ, அவர் இல்லாமப் போயி புள்ளைங்க கணக்குப் பாத்தாலோ, நீங்க காசு கொடுத்த கதை யாருக்கும் தெரியாது. இன்சூரன்ஸும் இடிக்கும், உரிமையாளர் ஒருத்தர், ஓட்டுறவர் இன்னொருத்தர்னா க்ளெய்ம் அன்னைக்கு ஆயிரம் கேள்வி வரும். மலேசியக் கொடிக்குக் கீழ பதியிறதெல்லாம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்க உள்ள கம்பெனிகளுக்கும்தான், லங்காவியில மட்டும் வெளிநாட்டுக்காரங்க பதிய யாட்டுக்குன்னு தனிப் பதிவேடு வச்சிருக்காங்க. 17 அடி போட்டுக்கு அதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி கதையைத் தலைகீழாப் போட்ட மாதிரி. வாடகைக்கு எடுத்துக்குங்க. முந்தின கேள்விக்காரருக்கு மனைவி பேர்ல எழுத வழி இருக்கு, அவரும் ஜபாத்தான் லாவுட் (மலேசியக் கடல்துறை) ஆபீஸ்ல லைசென்ஸ் எடுத்துட்டுத்தான் இறக்கணும். யாரா இருந்தாலும் இன்சூரன்ஸ் பாலிசியில ரெண்டு இடம் படிங்க: எந்தக் கடல் எல்லை வரைக்கும் செல்லும், மான்சூன் மாசங்கள்ல போட் எங்க இருக்கணும்னு கண்டிஷன் போட்டிருக்காங்களா.

கேள்வி: கடற்பாலத்துல மணிக்கணக்கா நிக்கிறதுக்கு பதிலா இங்கேர்ந்தே போட்ல டெசாரு போயிட்டா என்ன? என்கிட்ட போட் ஓட்டுற பிபிசிடிஎல் லைசென்ஸ் இருக்கு.
– பாசிர் ரிஸ் வாசகர்

பதில்: ஜாம் கடுப்புல எல்லாருக்கும் இந்த யோசனை வரும். அந்த லைசென்ஸ் சிங்கப்பூர் துறைமுகக் கடலுக்கு. ஜொகூருக்குப் போறதுன்னா போட்டா இருந்தாலும் அது வெளிநாட்டுப் பயணம், இங்க போர்ட் கிளியரன்ஸும் குடிநுழைவும் முடிக்கணும், அங்க போயி அதுக்குன்னு உள்ள இடத்துல மறுபடி குடிநுழைவு, சுங்கம், கடல்துறை. டெசாரு மணல்ல நேரா ஏறி இறங்கினா பாஸ்போர்ட் முத்திரை இல்லாம நாட்டுக்குள்ள வந்த ஆளு நீங்க. சாங்கிலேர்ந்து பாத்தா எதிர்க்கரை கைக்கு எட்டுற மாதிரி இருக்கும், அதை நம்பி மீன் பிடிக்கிறவங்க எஞ்சின் நின்னு எல்லை தாண்டி மிதந்து போயி மாட்டிக்கிறது உண்டு.

அதுக்கு மேல சிங்கப்பூர் நீரிணை. 400 மீட்டர் நீளக் கப்பல் உங்களைப் பாத்துட்டு பிரேக் அடிச்சு நிக்காது, நிக்கவும் முடியாது. 17 அடி போட் அவங்க ரேடார்ல தெரிஞ்சா உங்க அதிர்ஷ்டம். டானா மேராவுலேர்ந்து டெசாருவுக்கு ஃபெரி இருக்கு, காரை விட்டுட்டு அதுல போங்க.

கேள்வி: ராவா தீவுகிட்ட மீன் நல்லா கிடைக்கும்னு சொல்றாங்களே?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: கிடைக்கும், ஏன்னா அங்க புடிக்கத் தடை. அது சுல்தான் இஸ்கந்தர் கடல் பூங்காவுல வருது, தீவைச் சுத்தி 2 கடல் மைலுக்குள்ள தூண்டில் போடக்கூடாது. பவளப்பாறை மேல நங்கூரமும் போடாதீங்க.

கேள்வி: எட்டு வயசுப் பொண்ணுக்கு லைஃப் ஜாக்கெட், பெரியவங்க சைஸ்ல சின்னதா ஒண்ணு வாங்கினா போதுமா?
– புக்கிட் பாத்தோக் வாசகி

பதில்: போதாது. வயசைப் பாக்காதீங்க, எடையைப் பாத்து வாங்குங்க, உள்பக்க லேபிள்ல எத்தனை கிலோவுக்குன்னு போட்டிருக்கும். காலுக்கு நடுவுல போற பட்டை கட்டாயம் இருக்கணும், அது இல்லன்னா தண்ணியில விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேல வரும், புள்ள கீழ நழுவும். மாட்டிவிட்டு தோள்பட்டையைப் புடிச்சுத் தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறினா சைஸ் பெருசு. காத்து நிரப்புற வகை வேணாம், ஃபோம் வாங்குங்க, போட்லயே விட்டு வைக்காம வீட்டுக்குள்ள நிழல்ல தொங்க விடுங்க. மொத தடவை மாட்டிப் பழக காண்டோ நீச்சல் குளமே போதும்.