நரம்பு செல் பிரிவதில்லையே, பிறகு கால் ஏன் மரத்துப்போகிறது?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வாராவாரம் பாக்ளிடாக்செல் ஏற்றுகிறார்கள். வேகமாகப் பிரியும் செல்களை மருந்து தாக்குவதால் முடி கொட்டுகிறது என்றார்கள், சரி. இப்போது கால்விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்பு செல்கள் பிரிவதில்லை என்றுதானே படித்தோம்?

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் இந்த மருந்து குறிவைப்பது டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்களை. அவை அநேகமாக எல்லா செல்களிலும் உண்டு.

செல் பிரியும்போது இக்குழல்கள் கதிர்கோல் இழைகளாகி, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கின்றன. அதற்குக் குழல் வளரவும் வேண்டும், கரைந்து குறுகவும் வேண்டும். பாக்ளிடாக்செல் அதைக் கரையவிடாது. பிரிவு குழம்பி செல் மடிகிறது. மயிர்க்கால், எலும்பு மஜ்ஜை செல்கள் ஓயாமல் பிரிவதால் அவையும் அடிபடுகின்றன.

நரம்பு செல்லில் அதே குழலுக்குத் தண்டவாள வேலை. முதுகெலும்பை ஒட்டியிருக்கும் உணர்வு நரம்பு செல்லிலிருந்து கால்விரல் வரை ஓடும் இழை சுமார் 1 மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா முதலான சரக்கைக் கைனேசின் என்ற புரதம் குழல்மேல் நடந்தே சுமக்கிறது. தண்டவாளம் கெட்டால் கடைக்கோடி ஊருக்குத்தான் முதலில் சரக்கு நிற்கும். அதனால்தான் முதலில் கால்விரல், அப்புறம் கைவிரல்.

நம்மூர் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நேர்மாறானது, குழலை உருவாகவே விடாது. அதிலும் கைகால் மரத்துப்போகும். சர்க்கரைக்கு நல்லது என்று அந்தப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்த டோஸ் ஏற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாக்கள் பொறுத்துக்கொண்டு மறைப்பார்கள். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா, படியில் தடுமாறுகிறாரா என்று நீங்களே பாருங்கள். அதை வைத்துத்தான் அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்று முடிவெடுப்பார்கள். சத்து மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அசிட்டைல் எல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை இந்த மரப்பை இன்னும் மோசமாக்கியதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும். குளிக்கிற வெந்நீரை வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். தினமும் இரவில் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். கீமோ முடிந்த பிறகு மரப்பு பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அது மஜ்ஜை அடிபட்டு வெள்ளணுக்கள் குறைந்ததால் வந்த தொற்றாக இருக்கலாம்.