ஆதிச் சபையும் நடவு வேலையும்

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவன், பள்ளி ஆசிரியர். ஒரே போதகரின் பொறுப்பில் பல ஊர்ச் சபைகள் சேர்ந்ததுதான் சேகரம்; எங்கள் சேகரத்தில் ஊர்கள் அதிகம். போதகர் ஐயர் எங்கள் ஆலயத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு வருவதே பெரிய காரியம். மற்ற ஞாயிறுகளில் யாராவது ஒருவர் ஆராதனை முறையை வாசித்து முடிப்பார். சேகரத் தேர்தல் வந்தால் மட்டும் சபைக்கு உயிர் வரும். கட்சி, வழக்கு, நிலத் தகராறு என்று ஓடும்.

மனம் வெறுத்துப்போய், போன வருடத்திலிருந்து எங்கள் தெருக் குடும்பங்கள் சிலர் என் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு. சகோதரர்கள் முறைவைத்து வசனம் பேசுகிறோம். சகோதரிகள் பாடுவார்கள், பிறகு காப்பி, பலகாரம் கொடுப்பார்கள். காலனிக் குடும்பங்களையும் அழைத்தோம், அவர்கள் வருவதில்லை. இனி சேகரத்தை விட்டு முழுவதுமாக வெளியேறி, ஆதிச் சபை மாதிரியே நடக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில்தான் குருக்களும் கட்டடமும் புகுந்து சபை கெட்டது என்கிறார்களே, சரியா? நாங்களே அப்பம் பிட்டுத் திருவிருந்து நடத்தலாமா? சம்பளப் போதகர் தேவையா? என் மைத்துனர் இதைக் கலகம் என்கிறார்.

ஜெ.

அன்புள்ள தம்பி,

கூடுவதை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடனே என்று வாசித்து முடிக்கும் ஆராதனை போதவில்லை என்று உங்களுக்குப் பட்டிருக்கிறது. அந்தப் பசி நல்ல பசி. நானும் டெல்டாவில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள்தான், அந்தப் பசி எனக்கும் தெரியும்.

கான்ஸ்டன்டைன் பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவர் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது 313-ல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தியோகியாவின் இக்னாசியு, காவலர்கள் பிடித்துக்கொண்டுபோன வழியிலிருந்து, கண்காணியை, அதாவது பேராயரை, மீறிச் சபைக் காரியம் எதையும் செய்யாதீர்கள் என்று கடிதம் கடிதமாக எழுதினார். கட்டடமும் அவர் கொண்டுவந்தது இல்லை. யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்போஸ் என்ற ஊரில் தோண்டியெடுத்த வீடு ஒன்று, மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆராதனைக்கென்று மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஞானஸ்நானத்துக்குத் தனி அறை, சுவரெல்லாம் ஓவியம். ஆகவே ஒரே ஒரு அரசர் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

ஆனால் நீங்கள் தேடுவது வெறும் கற்பனையும் இல்லை. கொரிந்து சபை கூடும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம் பண்ணுகிறான் என்று பவுல் எழுதுகிறார். பேசுவது ஒருவர், கேட்பது மற்றவர்கள் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறைக் கையேடு ஒன்று உண்டு, திதாக்கே. பல நூற்றாண்டு காணாமல் கிடந்து 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்துப் பிரதியாக அகப்பட்டது. கண்காணிகளையும் அவர்களுக்குத் துணைநிற்கும் உதவிக்காரரையும் (டீக்கன்கள்) சபையாரே தெரிந்துகொள்ளும்படி அது சொல்கிறது. ஊர் ஊராக வரும் ஊழியக்காரர் மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறது. நம் ஊர்க் கன்வென்ஷன் பந்தல்களில் அதை வாசித்தால் நல்லது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். என் மனம் ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டுவிட்டது. காலனிக் குடும்பங்களை அழைத்தோம், அவர்கள் வருவதில்லை என்கிறீர்கள். தம்பி, ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? குறுவை நடவு நடக்கும்போது அந்நேரம் பெண்கள் வயலில் இறங்கியிருப்பார்கள். காலையில் இறங்கினால் மதியம் தாண்டித்தான் கரையேறுவார்கள். நாற்றுப் பறித்தாகிவிட்டால் ஞாயிறு என்று பார்த்து வயல் காத்திருக்காது. ஏழு மணி யாருக்கு வசதி? ஆசிரியருக்கு, பென்ஷன் வாங்குகிறவருக்கு, கடை வைத்திருக்கிறவருக்கு.

கொரிந்து சபையில் இதேதான் நடந்தது. கர்த்தருடைய பந்தி அங்கே உண்மையான சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்கிறார் பவுல். நீங்கள் கூடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கடைசியில் அவர் கொடுக்கும் கட்டளை மிக எளியது: “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.” நற்கருணை ஆராதனையில் நாம் வாசிக்கும் அப்பம், பாத்திர வசனங்கள் இந்தச் சண்டையின் நடுவில்தான் வருகின்றன. முன்னும் பின்னும் உள்ளதை விட்டுவிட்டு வாசித்துப் பழகிவிட்டோம்.

அன்று ஞாயிறு விடுமுறை இல்லை. 112 வாக்கில் பித்தினியா பொந்து மாகாணத்து ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், கலைந்துபோய்ப் பிறகு உணவுக்கு மறுபடி கூடுகிறார்கள் என்கிறார். அந்தச் சபையில் அடிமைகளும் இருந்தார்கள் என்று அதே கடிதம் காட்டுகிறது. பகல் அவர்களுடையது இல்லை, கூடுகைக்குக் கிடைத்தது பகலின் இரண்டு ஓரங்கள்தான். ஞாயிறு ஓய்வை 321-ல் கான்ஸ்டன்டைன் சட்டமாக்கினார். அந்தச் சட்டத்திலும் நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு கட்டாயமில்லை, பருவம் தப்பிவிடக் கூடாது என்று விலக்கு வைத்தார்கள். அன்று விட்டுப்போன அதே ஆட்கள்தான் இன்று உங்கள் மாடிக்கும் வராதவர்கள்.

மாடி என்பதையும் யோசியுங்கள். உங்கள் வீட்டுக்குள் ஏறி உட்காருவது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று உங்கள் அப்பா காலத்து வழக்கத்தை நினைத்தாலே புரியும்.

அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பந்தி விசாரிப்பில் எங்கள் விதவைகளை விட்டுவிட்டார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். ஊழியத்தைப் பகிர்வது என்றால் எனக்கு இதுதான். ஒரே தெருவில் நான்கு ஆண்கள் முறைவைத்துப் பிரசங்கம் செய்வது அந்த அளவுக்கு வராது.

பெண்கள் விஷயத்திலும் மறைக்காமல் சொல்கிறேன். சகோதரிகள் பாடுகிறார்கள், காப்பி கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பவுலின் ரோமர் நிருபத்தைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள்தான் கொண்டுபோனார் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. கூடாரம் தைத்த பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் சேர்ந்துதான் அப்பொல்லோவை அழைத்து உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். பிளினி உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் அவர்கள் உதவிக்காரிகள். ஒரு மாகாணச் சபையின் விவரம் தெரிய அதிகாரி பிடித்தது அவர்களைத்தான் என்றால், அவர்கள் கையில் காப்பித் தட்டு மட்டும் இருந்திருக்காது.

நம் டெல்டாவின் கதையும் இதுவே. ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அவர்களை உருவாக்கிய, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தின் வேர், 1670-ல் பிராங்க்பர்ட்டில் லுத்தரன் போதகர் ஸ்பெனர் தொடங்கிய வீட்டுக் கூடுகைகள். சபையார் உட்கார்ந்து வேதத்தை வாசித்து ஆளுக்கொன்று பேச வேண்டும், கொரிந்தியர் 14-ல் உள்ளது போல, என்பதுதான் அவர் கேட்டது. நீங்கள் மாடியில் செய்வதன் விதை கப்பலேறி நம் கடற்கரைக்கு வந்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஸ்பெனரின் நண்பர்கள் சிலர் திருச்சபையை விட்டுப் பிரிந்தார்கள். அவர் பிரியவில்லை.

தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் வெள்ளைக்கார மிஷனரிகள் அன்று நினைத்தபடி போய்வர முடியாது. உள்நாட்டுக் கிராமங்களில் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்கள் தமிழ் உபதேசியார்கள், குருப்பட்டம் இல்லாமல் சபையில் போதித்தவர்கள். அவர்களில் ஆரோன் 1733-ல் குருப்பட்டம் பெற்றார். இன்னொருவர் இராஜநாயக்கன், தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்தவர், பறையர். கத்தோலிக்கராகப் பிறந்து, அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தை வாசித்துத் தரங்கம்பாடிக்கு வந்து, பல துன்பங்களின் நடுவே சபைகளை வளர்த்தார். 1741-ல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தெரிந்தபோது பட்டம் தியோகுவுக்குப் போனது. இராஜநாயக்கனின் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்ப மாட்டார்கள் என்று தயங்கினார்கள். வசனம் சொல்லலாம், நடக்கலாம், அடி வாங்கலாம், அப்பத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று எழுதியனுப்பினார். அதை ஏற்காமல் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். அதனால் சொல்கிறேன், சேகரத்தை விட்டு விலகுகிற ஒவ்வொருவரும் அப்போஸ்தலரை நோக்கித்தான் போகிறார்கள் என்று இந்த மண்ணில் எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் அந்த எண்ணத்தோடு கூடவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிற காலனிக்காரருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

கொள்ளிடக் கரையில் என் அத்தை வாழ்ந்த ஊரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உபதேசியார் இறந்தபின் வேறு ஆள் வரவில்லை. எழுத்து வாசனை இல்லாத ஒரு பாட்டி, நடவுக்குப் போகிறவர், சபையைத் தாங்கினார். கீர்த்தனைகள் மனப்பாடம், வசனம் வாசிக்கப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கூடுவது இரவு எட்டு மணிக்கு, எல்லாரும் குளித்துச் சாப்பிட்ட பிறகு. பிடியரிசி தெரியுமல்லவா, உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவது. மற்ற சபைகளில் அதை ஏலம்போட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள். பாட்டி ஏலம் போடவில்லை. ரேஷன் அரிசியும் பொன்னியும் பச்சரிசியும் கலந்து கிடக்கும் அந்தத் தகர டின்னைப் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் படுத்துக் கிடந்தவர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போவார். கலந்த அரிசி ஒன்றுபோல வேகாது, அதனால் கஞ்சியாகக் குழைய விடச் சொல்லிக்கொடுப்பார். அவரை யாரும் ஊழியக்காரி என்று அழைத்ததில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய யுஸ்தீன், கூடுகைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடப்பவர்களுக்கும் போகும் என்கிறார். அதை வாசித்தபோது எனக்கு அந்த டின் கண்முன் வந்தது.

சம்பளம் பற்றி: உழைக்கிறவன் கூலிக்குப் பாத்திரன் என்பது இயேசுவின் வார்த்தை. பவுல் அந்த உரிமை தமக்கு உண்டு என்று வாதாடிவிட்டுக் கூடாரம் தைத்துச் சாப்பிட்டார். இரண்டுக்கும் இடம் உண்டு. ஐயர் சம்பளம் வாங்குவது உங்கள் சபையின் நோய் இல்லை.

அப்பம் பிட்கலாமா என்பது கனமான கேள்வி. சபையின் பந்தியில் யார் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று புதிய ஏற்பாடு விதி வைக்கவில்லை. இக்னாசியுவோ கண்காணி அல்லது அவர் அனுமதித்தவர் நடத்துவதே செல்லும் என்கிறார். நான் இக்னாசியு பக்கம் நிற்கிறேன். திருவிருந்து ஒரு தெருவுக்கு மட்டும் உரியதாகிவிடாமல் அந்த ஒழுங்கு காக்கிறது. ஆனால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்துக்கு யார் அனுமதியும் வேண்டாம். சாயங்காலம் ஆலய வளாகத்தில், மாடியில் வேண்டாம், அடுப்பு மூட்டிச் சோறு வையுங்கள். கூடும் நேரத்தைக் காலனிப் பெண்கள் குறிக்கட்டும். காணிக்கைப் பையும் கணக்கு நோட்டும் அவர்களில் இருவரிடம் இருக்கட்டும். சமைப்பதில் ஆண்களும் இருங்கள்.

அந்தக் காணிக்கையில் முதல் செலவு எது என்றும் சொல்கிறேன். சபைக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி இருக்கிறது என்று சாவு வீட்டில் போய் நிற்கும் வழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ரசீது போட்டபிறகுதான் கல்லறைத் தோட்டத்துக் கதவு திறந்தது. கி.பி. 200 வாக்கில் எழுதிய தெர்த்துல்லியன் காலத்துச் சபை மனமுவந்து போட்ட மாதக் காணிக்கையில் ஏழைகளைச் சாப்பிட வைத்தது, ஏழைகளை அடக்கம் செய்தது. உங்கள் ஊரில் பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களின் சந்தாவை நீங்கள் கட்டிவிடுங்கள். கமிட்டிக்குத் தெரிந்தால் போதும், அந்தக் குடும்பங்களிடம் சொல்லிக் காட்ட வேண்டாம். இதற்காகவாவது சேகரத்துக்குள் இருங்கள். நீங்கள் வெளியேறினால் உங்களுக்கு மாடி இருக்கிறது. அவர்களுக்குக் கல்லறைக்கு வேறு இடம் இல்லை.

மைத்துனரோடு தர்க்கம் வேண்டாம். ஐயரிடம் நேரில் போய், நடப்பதை நடந்தபடி சொல்லுங்கள். அவர் வரும் ஞாயிறு தனிக் கூட்டம் வைக்காமல் ஆலயத்துக்குப் போங்கள், அன்று சாயங்காலச் சோற்றுக்கு அவரையும் இருக்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அக்கா