ரிப்போர்ட் எல்லாம் நார்மல். பயம் மட்டும் போகவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. நடுராத்திரியில் நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வந்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழைய பயம்தான். வீட்டில் ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மனப்பிரமை இல்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் மெனோபாஸுக்குப் பிறகு பல பெண்களுக்கு வருகிறவை. எறும்பு ஊர்வதும்கூடத்தான், வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் சொல்வதில்லை.

ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான ஹார்மோன் இல்லை. மூளை, ரத்தக் குழாய், தோல், மூட்டு என்று எல்லா இடத்திலும் அதற்கு வேலை உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் அது குறைந்ததும், உடல் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி சின்ன ஏற்றத்துக்கே பதறிவிடுகிறது. தோலில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்க்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவருக்கு அந்தச் சில நிமிடம் போதும். ‘ஹார்ட் அட்டாக்கோ?’ என்று நினைத்ததும் அட்ரினலின் என்கிற பதற்ற ஹார்மோன் சுரக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரலும் உதடும் மரத்து, தலை சுற்றும். ஆக, ஹார்மோன் தொடங்கிவைத்ததைப் பயம் நீட்டிவிடுகிறது. இரண்டுமே உடம்பில் நிஜமாக நடக்கிறவை.

சரி, நார்மல் ரிப்போர்ட் ஏன் இரண்டு நாளுக்கு மேல் தாங்குவதில்லை? நீங்கள் தேடுவது ‘இனி எதுவும் வராது’ என்கிற உறுதியை. அதை எந்த லேபும் எழுதித் தராது. அதனால் சோதிக்கத் தொடங்குகிறோம்: நாடி பிடிப்பது, பி.பி. மெஷினைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வது, கூகுளில் தேடுவது. பயத்தோடு பார்த்தால் முதல் அளவே கூடுதலாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பார்த்தால் இன்னும் கூடும். இதைப் படிக்கும்போதே எச்சிலை நாலைந்து முறை அடுத்தடுத்து விழுங்கிப் பாருங்கள். தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கும். மார்பில் ஒரே இடத்தைத் தினமும் அழுத்திப் பார்த்தால் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். சோதனையே அறிகுறியை உண்டாக்குகிறது.

அதற்காக எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டிவிடவும் கூடாது (டாக்டர்களும் சில சமயம் அப்படிச் செய்கிறார்கள்). மாதவிடாய் நின்றபின் இதயநோய் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, இவை சில நிமிடங்களில் அடங்கவில்லை என்றால் யோசிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மயக்கம் போட்டு விழுந்தாலும், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழந்தாலும், பேச்சு குழறினாலும் அப்படியே. நடக்கும்போது வந்து, நின்றால் குறைகிற நெஞ்சு வலியையும் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வருடம் மாதவிடாய் இல்லாமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுதான். மார்பில் புதிய கட்டி, காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் வயிறு உப்புசம் ஆகியவற்றுக்கும் டாக்டர் வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாத லேசான புது அறிகுறி எதுவானாலும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். இருந்தால், அல்லது கூடிக்கொண்டே போனால், டாக்டரிடம் போங்கள். ஒரே டாக்டரிடம். ஆளை மாற்றினால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து டெஸ்ட் எழுதுவார்கள்.

பி.பி. மெஷினை அலமாரியில் வையுங்கள். டாக்டர் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் மட்டும் எடுங்கள். சோதிப்பதை ஒரேயடியாக நிறுத்த வராது. நாடி பார்க்கத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், பிறகு அரை மணி நேரம். முதல் சில நாள் பதற்றம் கூடும், அது எதிர்பார்த்ததுதான். இரவில் படபடப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். மாலைக்கு மேல் காபி வேண்டாம். வீட்டாரிடம், “மனப்பிரமை என்று சொல்லாதீர்கள், ஒன்றுமில்லை என்று பத்து தடவை சமாதானமும் சொல்லாதீர்கள், கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள், போதும்” என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நோய்ப் பயத்துக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பயத்தை வளர்க்கும் நினைப்பையும் பழக்கத்தையும் பேசி மாற்றுகிற முறை, சி.பி.டி.) நன்றாகப் பலன் தருகிறது. திடீரென்று உடல் சூடாகி வியர்ப்பது தரும் தொந்தரவையும் அது குறைக்கிறது. பதற்றத்துக்குத் தருகிற சில மாத்திரைகளும் அந்தச் சூட்டைத் தணிக்கும். ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குச் சரிப்படுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம் உங்களுக்கு வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.