இடைப்படம் வரைகிறவரின் ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறேன். என் மகன் பெங்களூரில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக இடைப்படங்கள் மட்டுமே வரைகிறான். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியைப் போல ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. இப்படியே காலம் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. அவன் தனியாக வரைந்த எருது விடும் விழாக் காட்சித் தாள்களை இணைத்துள்ளேன்.

வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ஹயாவோ மியாசாகி 1963இல் தோயி அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்தபோது செய்ததும் இதே வேலைதான். மூத்தவர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைந்து தருவார். இடையில் வர வேண்டியவற்றை இவர் நிரப்புவார். நொடிக்கு 24 சட்டகங்கள் என்பதால், ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 12 படங்கள் தேவைப்படும். அவர் தம் முதல் முழுநீளப் படத்தை இயக்கியது 1979இல், பதினாறு ஆண்டுகள் கழித்து. பெரிய விருதுகள் பல அதற்கும் வெகுகாலம் பின்னர் வந்தவை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1965இல் வெளியான கல்லிவர் படத்தில் இடைப்படம் வரைந்துகொண்டிருந்த அந்த இளைஞர், இயந்திர இளவரசிக்குள்ளிருந்து மனிதப்பெண் வெளிப்படுவதாக முடிவை மாற்றலாம் என்று சொன்னார். மேலே இருந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். கதை பேசுகிறவர்களும் கோடு இழுக்கிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் அது நடந்தது. பின்னர் 1974இல் இயக்குநர் தக்காஹாதாவின், மலையில் வாழும் சிறுமியின் கதையான ஹெய்டி தொலைக்காட்சித் தொடரின் 52 பகுதிகளுக்கும், கேமரா எங்கே நிற்க வேண்டும், வீட்டிலிருந்து சரிவு எப்படி இறங்க வேண்டும் என்று காட்சியமைப்பு வரைந்தார். வாரந்தோறும் வந்த அந்த வேலையில்தான் அவர் இயக்குநராக உருவானார் என்பது என் எண்ணம்.

நம் ஊர் நிறுவனங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் வேலையில் கதை பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது மூன்று ஆண்டுகளைப் பற்றியல்ல, கதை முடிவாகும் அந்த மேசை உங்கள் மகனுக்கு எட்டாமலிருப்பதைப் பற்றித்தான். ஒரு நிமிடப் படமாயினும் அவனே கதை அமைத்து முடிக்கட்டும். விடுமுறை நாட்கள் போதும். (சம்பள வேலையை விடச் சொல்லாதீர்கள்.)

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். வாடிவிட்டுப் பாயும் எருதின் முன்னங்கால்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ஏழாம் தாளில் உடல் திரும்பும்போதே அலைதாடியும் கூடவே திரும்பிவிடுகிறது. அது கழுத்தின் கீழ் தளர்ந்து தொங்கும் தோல். இரண்டு தாள் பின்தங்கித்தான் வர வேண்டும். அடுத்த விழாவுக்கு ஊருக்கு வரும்போது தடுப்புக்கட்டை ஓரமாக நின்று, கழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.