அத்தைக்கு ஒரு கீழ் பெர்த்

கேள்வி: ஆடி கடைசி வெள்ளிக்கு நாங்குநேரி பக்கம் கணவரின் ஊரில் கோயில் கொடை விழா. வருஷா வருஷம் ஆறு பேரும் ரயிலில் போவோம். இந்த முறை மூன்றாம் ஏசியில் போகவர 13,000 ரூபாய் ஆகும்போல் இருக்கிறது. காரில் போனால் பெட்ரோல் 8,500தான். கணவர் ஒருவரே இரவு முழுக்க ஓட்ட முடியாது, அதனால் கொழுந்தனாரும் மாற்றி ஓட்டுவார். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. அத்தைக்கு 66 வயது, முட்டி வலி. அவரே வரவில்லை என்று சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். கொடைக்கு இன்னும் 70 நாள் இருக்கிறது. குடும்பமாகப் போக கார்தானே சிக்கனம்?
– வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: "அவரே வரவில்லை என்று சொல்லிவிட்டார்." எப்போது சொன்னார்? கார் என்று முடிவாவதற்கு முன்பா, பின்பா? உங்கள் வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். நீங்கள், கணவர், கொழுந்தனார், இரண்டு பிள்ளைகள், ஐந்தாகிவிட்டது. இடமே இல்லாத வண்டியைக் காட்டி "வர்றீங்களா அத்தை" என்று கேட்டால், "எனக்கு முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். போன ஆடியிலும் இதே முட்டியோடுதானே ரயிலேறி வந்தார்?

கொடை அவர் புகுந்த வீட்டுச் சாமிக்கு. அந்த வீட்டில் பொங்கல் வைக்க மூத்தவர் அவர். பெற்ற மகன்கள் இருவரும் ஒரே வண்டியில் ஊருக்குப் போய், அம்மாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்பது தவறு. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப்போவதில்லை. உங்களிடம் மட்டுமல்ல, உங்கள் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். ரயிலுக்கு ஆறு பேர், காருக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டு எது மலிவு என்று கேட்கிறீர்கள். அதுவே முதல் பிழை. பெட்ரோலும் சரியாக வராது. ஒரு வழிக்கு 650 கிலோமீட்டர், போகவர 1,300. ஏசி போட்டு, சுமையேற்றி லிட்டருக்கு 15 கிடைத்தால் 87 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கையில் 8,700க்குக் குறையாது. டோலை நீங்கள் எழுதவே இல்லை. பரனூரில் தொடங்கி நெல்லை போய்ச் சேர்வதற்குள் பத்துச் சாவடிக்குக் குறையாது, திரும்பும்போது அத்தனையும் மறுபடி. ஃபாஸ்டேக் வருட பாஸ் (200 முறை கடக்கலாம்) வருஷத்துக்கு ஒருதரம் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் அந்தச் செலவில் எட்டில் ஒரு பங்கை இந்த ஒரு பயணமே தின்றுவிடும். டயர் தேய்மானம், வழியில் ஓட்டல் சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். பகல் முழுக்க வேலை பார்த்த இருவர் விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை திருச்சி – மதுரைச் சாலையில் ஓட்டப்போகிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ரயில் கணக்கிலும் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். நாலு வயதுப் பெண்ணுக்கு டிக்கெட்டே வேண்டாம். ஐந்து வயது முடியாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை; பெயரை மட்டும் சேர்த்து, உங்கள் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் பெர்த் வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2016 முதல் இப்படித்தான். ஒன்பது வயதுப் பையனோடு ஒரே பெர்த்தில் படுத்தால் இருவருக்கும் தூக்கம் போய்விடும், முழுக் கட்டணமே கொடுங்கள். பதிவு செய்கையில் குழந்தைக்குப் பெர்த் வேண்டும் என்பதைத் தேர்வு செய்ய மறந்தால் அரை டிக்கெட்டாகிவிடும்.

ஆக, ஐந்து பெர்த். மூன்றாம் ஏசியில் உங்கள் கட்டணப்படியே போகவர 10,800. ஆடி மாதத்து இரவுக்கு ஏசி எதற்கு? ஸ்லீப்பரில் நெல்லை வரை ஆளுக்கு நானூறு ரூபாயை ஒட்டித்தான் வரும், போகவர ஐந்து பேருக்கு நாலாயிரத்துச் சொச்சம். நெல்லையில் இறங்கி ஊருக்கு வாடகை வண்டி பிடித்தாலும், கொடையன்று ஒரு நாள் முழுக்க வண்டி வைத்துக்கொண்டாலும், கார் செலவைத் தொடாது. வந்தே பாரத்தில் பையனுக்கும் முழுக் கட்டணம், அத்தை எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும். ஆம்னி பஸ்ஸில் கழிவறை கிடையாது. இரண்டும் உங்களுக்கு ஆகாது.

அத்தையின் டிக்கெட்டில்தான் கவனம் வேண்டும். பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, எனவே முழுக் கட்டணம். ஆனால் கீழ் பெர்த் கோட்டா இருக்கிறது: 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், 60 ஆன ஆண்கள், தனியாகவோ அதே தகுதியுள்ள இன்னொருவருடனோ பதிவு செய்தால். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தக் கோட்டா பொருந்தாது. நடு பெர்த்தோ மேல் பெர்த்தோ விழலாம், அப்புறம் பெட்டியில் ஒவ்வொருவரிடமும் மாற்றிக் கேட்டு நிற்பீர்கள்.

அதனால் இரண்டு டிக்கெட். பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும் (120 நாள் என்பது 2024 அக்டோபரோடு போயிற்று). கணவரும் கொழுந்தனாரும் ரயில் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் தங்கள் கணக்குகளில் ஆதாரை இப்போதே சரிபார்த்து வைக்கட்டும், அது இல்லாமல் திறக்கும் நேரத்தில் பதிவு செய்ய முடியாது. கணவர் நாலு பேருக்கும் பொதுக் கோட்டாவில் போடட்டும். எந்தப் பெட்டி என்று தெரிந்த கையோடு, கொழுந்தனார் அம்மாவுக்குக் கீழ் பெர்த் கோட்டாவில் அதே பெட்டி எண்ணை விருப்பமாகக் குறிப்பிட்டுப் போடட்டும். அதே பெட்டி கிடைக்காமலும் போகலாம், அப்படியானால் மகன்களில் ஒருவர் இரவில் போய்ப் பார்த்துவர வேண்டும். திரும்பும் நாளுக்குப் பதிவு தனியாகத் திறக்கும், அதையும் காலண்டரில் குறித்துவையுங்கள். தட்கலை நம்பி உட்காராதீர்கள், அதில் கீழ் பெர்த் கோட்டா இல்லை, ஒரு டிக்கெட்டில் நாலு பேர்தான், உறுதியானதை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

தாம்பரம் பக்கம்தானே என்று அங்கே ஏறாதீர்கள். ஓரிரு நிமிடமே நிற்கும் ரயிலில் முட்டி வலிக்காரரை அவசரமாக ஏற்ற முடியாது. ரயில் புறப்படும் நிலையத்துக்கே முன்கூட்டிப் போய், நிதானமாக ஏற்றுங்கள். ஆட்டோவுக்குக் கொஞ்சம் கூடப் போகட்டும். ஏறியதும் வெஸ்டர்ன் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து அவரிடம் சொல்லிவையுங்கள்.

டிக்கெட் கைக்கு வந்த பிறகு மறுபடி "வர்றீங்களா" என்று கேட்க வேண்டாம். உங்கள் கணவரே போய் அம்மாவிடம் பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும் சொல்லட்டும்.